அணு ஆயுதத்துக்கும் வேண்டும் இடைவெளி

இருக்கன்குடி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலை ஒன்றை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு அது ஆலையாகவே தோன்றாது. கரிசல் காட்டில் சின்னச் சின்ன அறைகள் சிதறிக் கிடக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் பொட்டல். நெருக்கிக் கட்டினால் நிலமும் மிச்சம், நடையும் மிச்சம்தான். 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறை, குடோன் ஆகியவற்றுக்கு நடுவே எவ்வளவு தூரம் விட வேண்டும், உள்ளே எவ்வளவு மருந்து இருக்கலாம், எத்தனை பேர் உட்காரலாம் என்று அவை அளந்து சொல்கின்றன. வேலை நடக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது.

இந்த விதிகளை எழுதியவர்கள், என்றைக்காவது ஒரு நாள் ஏதோ ஓர் அறை வெடிக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார்கள். வெடித்தால் அது அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கவலை. தொழிலாளி கைதேர்ந்தவர், போர்மேன் கவனமானவர், முதலாளி நல்லவர் என்பதெல்லாம் தூரத்தைக் குறைக்கக் காரணமாகாது. மனிதர் தவறுவார்கள், உராய்வு நேரும், வெயில் ஏறும் என்ற அடக்கமான அறிவு அந்தப் பொட்டலில் இருக்கிறது.

அணு ஆயுதம் வைத்திருக்கும் அரசுகளின் நம்பிக்கை இதற்கு நேர்மாறானது. நம்மிடம் குண்டு இருக்கிறது, எதிரியிடமும் இருக்கிறது, ஆகவே இருவரும் பயந்து சும்மா இருப்போம் என்கிறார்கள். இது பலிக்க வேண்டுமென்றால் தலைவர்கள் எந்நாளும் நிதானம் தவறக் கூடாது. ராடார் எந்நாளும் சரியாகக் காட்ட வேண்டும். தகவல் எந்நாளும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் பிசகினாலும் அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று பற்றிக்கொள்ளும். பட்டாசு ஆலைக்குக்கூட அனுமதிக்காத அசட்டு நம்பிக்கையை, இந்தியா, பாகிஸ்தான், சீனா ஆகிய மூன்று நாடுகளிலும் அவற்றுக்கு நடுவிலும் வாழும் முந்நூறு கோடி மக்களின் தலைக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறோம்.

விதி இருந்தால் மட்டும் போதாது என்பதையும் விருதுநகர் மாவட்டம் சாவு கொடுத்தே கற்றது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளிகளே அல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து ஊர்க்காரர்கள். அடுத்த வெடிப்பு அவர்களைக் கொண்டுபோயிற்று. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒவ்வொரு முறையும் விசாரணையில் வருவது ஒரே கதை: உள்குத்தகை, அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து, நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் கூடுதல் ஆட்கள், மரத்தடியில் வேலை. நாக்பூரிலிருந்து வந்த வெடிபொருள் லைசென்ஸ் சுவரில் தொங்கும். இருப்புப் பதிவேடு சரியாக இருக்கும். பதிவேட்டையும் குடோனையும் ஒத்துப் பார்க்க வெளியிலிருந்து ஒரு கண் வராத நாளில்தான் சாவு வருகிறது.

வெளியிலிருந்து ஒரு கண். தெற்காசியாவின் அணு அரசியலில் இல்லாமல் போனது அதுதான் என்பது என் கட்சி. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றன் அணுக்கூடத்தை மற்றது ஆய்வு செய்யும் நாளை நோக்கி நடக்க வேண்டும். கேட்டவுடன் பலருக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

வழி தவறிய ஏவுகணை

ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் 2025 ஜனவரி மதிப்பீட்டின்படி இந்தியாவிடம் சுமார் 180 அணுகுண்டுகள், பாகிஸ்தானிடம் 170, சீனாவிடம் 600. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பனிப்போரை நடத்தியபோது அவற்றின் ஏவுகணைகள் பறந்து சேர அரைமணி நேரம் ஆகும். நமக்கு அந்த அரைமணிகூட இல்லை. இந்தியாவின் ஆர். ராஜாராமன், எம்.வி. ரமணா, பாகிஸ்தானின் ஜியா மியான் ஆகிய மூன்று இயற்பியலாளர்கள் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். எச்சரிக்கை மணி அடித்த பிறகு, அது உண்மையா பொய்யா என்று பார்த்து முடிவெடுக்க இரு தலைநகரங்களுக்கும் மிஞ்சுவது சில நிமிடங்களே. எல்லைக்கு இருபுறமும் பிறந்தவர்கள் ஒரே தாளில் ஒரே கணக்கைப் போட்டது சிறிய செய்தி அல்ல.

அந்தச் சில நிமிடங்களின் அருமை 2022 மார்ச் 9 அன்று தெரிந்தது. அன்று மாலை இந்தியாவிலிருந்து கிளம்பிய பிரமோஸ் ஏவுகணை ஒன்று எல்லையைத் தாண்டி, பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் மியான் சன்னு என்ற ஊருக்கு அருகே விழுந்தது. அதில் வெடிகுண்டு இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. பராமரிப்பின்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்று இந்தியா மார்ச் 11 அன்று வருத்தம் தெரிவித்தது. ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஓர் ஏவுகணை கை தவறிப் பக்கத்து நாட்டில் போய் விழுந்தது. அதற்கு விளக்கம் வெளிப்படையாகச் சொல்லப்பட இரண்டு நாள் ஆயிற்று. இது 2019 பிப்ரவரியில், பாலகோட் தாக்குதல் நடந்த வாரத்தில் நேர்ந்திருந்தால்? 2025 மே 7 முதல் 10 வரை இரு நாடுகளும் ஏவுகணைகளாலும் டிரோன்களாலும் மோதிக்கொண்ட அந்த நான்கு நாளில் நேர்ந்திருந்தால்?

ஏவுகணைச் சோதனையை முன்கூட்டிச் சொல்லிக்கொள்ள இரு நாடுகளுக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருக்கத்தான் செய்கிறது. 2005 அக்டோபரில் இஸ்லாமாபாத்தில் கையெழுத்தானது. மூன்று நாளுக்கு முன்பே தகவல் தர வேண்டும். ஏவும் இடம் எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்ளும், விழும் இடம் 70 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கக் கூடாது. பட்டாசு அறைகளுக்கு விடும் தூரத்தைப் போன்ற ஏற்பாடுதான். ஆனால் வளைபாதையில் மேலெழுந்து விழும் பாலிஸ்டிக் வகை ஏவுகணைகளுக்கு மட்டுமே அது பொருந்தும். பிரமோஸ் போன்ற குரூஸ் வகைக்குப் பொருந்தாது. இருபது ஆண்டுகளாகத் திறந்தே கிடக்கும் இந்த ஓட்டையை அடைக்க யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை. ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும்.

ஜனவரி முதல் தேதி

இரு நாடுகளும் செய்த நல்ல காரியம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1988 டிசம்பர் 31 அன்று, ராஜீவ் காந்தியும் பேநசீர் புட்டோவும் ஆட்சியில் இருந்தபோது, ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று இஸ்லாமாபாத்தில் ஒப்பந்தம் போட்டார்கள். 1991 ஜனவரி 27 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதி, தத்தம் அணு உலைகள், எரிபொருள் ஆலைகள், செறிவூட்டும் கூடங்கள் ஆகியவற்றின் பட்டியலை, அட்சரேகை தீர்க்கரேகையோடு இரு அரசுகளும் மாற்றிக்கொள்கின்றன. 1992-இல் தொடங்கியது ஓராண்டும் தவறவில்லை. கார்கில் போருக்கு அடுத்த ஜனவரியிலும் நடந்தது. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் எல்லையில் படைகள் குவிந்து நின்ற 2002 ஜனவரியிலும் நடந்தது. பாலகோட்டுக்குப் பிறகும் நடந்தது. 2025 மே மாதச் சிந்தூர் நடவடிக்கைக்குப் பிந்தைய 2026 ஜனவரியிலும் நடந்தது. தூதர்களைத் திருப்பி அனுப்பிய காலத்தில்கூட இந்த ஒரு கடிதப் போக்குவரத்தை இரு அரசுகளும் அறுக்கவில்லை.

ஆனால் அது வெறும் பட்டியல். அதில் இருப்பதுதான் உண்மையில் இருக்கிறதா என்று யாரும் நேரில் போய்ப் பார்ப்பதில்லை. இருப்புப் பதிவேட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் குடோன் கதவைப் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு இது.

கதவைத் திறந்த நாடுகள் உலகில் இருக்கின்றன. அர்ஜென்டினாவும் பிரேசிலும் நீண்ட காலம் ராணுவ ஆட்சியில் இருந்தவை. ஒன்றை ஒன்று சந்தேகித்தவை. இரண்டும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்துக்கு வெளியே நின்று, மறைவாக யுரேனியம் செறிவூட்டியவை. மக்களாட்சி திரும்பியதும் இரு நாட்டுத் தலைவர்களும் யாரும் எதிர்பாராத காரியத்தைச் செய்தார்கள். 1987-இல் அர்ஜென்டினா அதிபர் அல்ஃபோன்சின், தங்கள் நாட்டின் பில்கனியேயூ செறிவூட்டும் கூடத்துக்குப் பிரேசில் அதிபர் சார்னேயை அழைத்துப்போய்க் காட்டினார். அடுத்த ஆண்டு சார்னே தங்கள் கடற்படையின் அரமார் மையத்தை அல்ஃபோன்சினுக்குக் காட்டினார். 1991 ஜூலையில் இரு நாடுகளும் சேர்ந்து ரியோ டி ஜெனிரோவைத் தலைமையிடமாகக் கொண்ட கூட்டு ஆய்வு அமைப்பைத் தொடங்கின. அர்ஜென்டினாவின் கூடங்களைப் பிரேசில் ஆய்வாளர் பார்ப்பார். பிரேசிலின் கூடங்களை அர்ஜென்டினா ஆய்வாளர் பார்ப்பார். இன்றும் நடக்கிறது. அவர்கள் நண்பர்களான பிறகு கதவைத் திறந்தார்கள் என்று சொல்வது வரலாற்றைத் தலைகீழாக வாசிப்பது. திறந்த பிறகுதான் சந்தேகம் தணிந்தது.

அவர்கள் குண்டு செய்து முடித்தவர்கள் அல்லர், நாம் செய்து முடித்தவர்கள் என்ற மறுப்பு நியாயமானதே. அதனால்தான் குண்டுகள் இருக்கும் கிடங்கைக் காட்டச் சொல்லவில்லை. குண்டுக்கு வேண்டிய மூலப்பொருளில் இருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டிலேயே கண்ணெதிரில் உதாரணம் இருக்கிறது. கூடங்குளம் உலைகள் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் உள்ளவை; வியன்னாவிலிருந்து ஆய்வாளர்கள் வந்து எரிபொருளைக் கணக்குப் பார்க்கிறார்கள். அதே தமிழ்நாட்டில், கல்பாக்கத்தின் வேக ஈனுலை அந்தக் கண்காணிப்புக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட உலையிலிருந்து ஆயுதத் தரப் புளுட்டோனியம் எடுக்க முடியும் என்பதால் பாகிஸ்தான் அதைப் பயத்தோடு பார்க்கிறது. பாகிஸ்தானின் குஷாப் உலைகளும் கண்காணிப்புக்கு வெளியே இருப்பவை. நாம் அவற்றைப் பயத்தோடு பார்க்கிறோம். கல்பாக்கத்துக்கு ஒரு பாகிஸ்தான் ஆய்வாளரும் குஷாபுக்கு ஓர் இந்திய ஆய்வாளரும் ஒரே நாளில் போகட்டும். கல்பாக்கம் மின்சாரத்துக்காகத்தான் என்று நாம் சொல்வது உண்மையானால் இழக்க எதுவும் இல்லை.

சீனா இருக்கிறதே?

டெல்லியின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா முதல் அணுவெடிப்பை நடத்தியது. அதே ஆண்டு, தெற்காசியாவை அணு ஆயுதமற்ற பகுதியாக அறிவிக்க வேண்டும் என்று ஐ.நா. சபையில் பாகிஸ்தான் கோரியது. இந்தியா ஏற்கவில்லை. சீனாவை வெளியே விட்டுவிட்டு வரையும் வட்டத்தில் எங்களுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டது. சரியான கேள்விதான். விருதுநகர்க்காரரான காமராஜர் காங்கிரஸ் தலைவராக இருந்த 1964-இல், அக்டோபர் 16 அன்று சீனா தன் முதல் குண்டை வெடித்தது. அடுத்த மாதம் குண்டூரில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் நாமும் செய்ய வேண்டும் என்ற குரல்கள் ஓங்கி எழுந்தன. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவற்றுக்கு நடுவே நின்று மறுத்தார். அந்த நிழல் அறுபது ஆண்டுகளாக நம் மேல் கிடக்கிறது.

ஆனால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டோம். சீனா 1964-லேயே, முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று அறிவித்தது. இந்தியாவும் 2003 ஜனவரியில் முறைப்படி அதையே அறிவித்தது. இருவரும் தனித்தனியாகச் சொல்லும் ஒரே வாக்குறுதியை ஒரே தாளில் சேர்த்து எழுதிக் கையெழுத்திட ஏன் தயக்கம்? அணு வல்லரசுகளில் முதல் தாக்குதலை வெளிப்படையாகக் கைவிட்ட இந்த இரண்டும் அண்டை நாடுகளாக இருப்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு. பாகிஸ்தான் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. சுமார் 70 கிலோமீட்டர் மட்டுமே பாயும் நஸ்ர் போன்ற போர்க்கள ஏவுகணையையும் வைத்திருக்கிறது. டெல்லிக்கும் பெய்ஜிங்குக்கும் நடுவே ஓர் உடன்பாடு வந்தால் இஸ்லாமாபாத்தின் மீது விழும் அழுத்தம் தனி.

இந்தியாவின் பழைய குரலும் கூச்சமற்றதாகவே இருந்தது. பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்த அடுத்த மாதமே, 1954 ஏப்ரல் 2 அன்று, சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று மக்களவையில் நேரு கோரினார். உலகத் தலைவர்களில் முதலில் கேட்டவர் அவர். 1962 செப்டம்பரில், 83 வயதில், ராஜாஜி வாஷிங்டனுக்குப் பறந்துபோய்க் கென்னடியை நேரில் சந்தித்து அணுச் சோதனைக்கு எதிராக வாதாடினார். மறு ஆண்டு பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தது. 1988 ஜூன் 9 அன்று, 2010-க்குள் உலகிலிருந்து அணு ஆயுதங்களை அகற்றும் திட்டத்தை ராஜீவ் காந்தி ஐ.நா.வில் முன்வைத்தார். பத்தாண்டு கழித்து 1998 மே மாதம் நாமும் வெடித்தோம், பாகிஸ்தானும் வெடித்தது. உலகுக்குச் சொன்னதை நம் வட்டாரத்தில் தொடங்கிக் காட்டும் கடன் அன்றிலிருந்து நம் கணக்கில் நிற்கிறது.

தெற்காசியா என்றால் இந்தியாவும் பாகிஸ்தானும் மட்டும் அல்ல. இந்த விஷயத்தில் நம்மைவிட இலங்கை எடுப்பாகப் பேசியிருக்கிறது. 1995-இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை நிரந்தரமாக்கிய நியூயார்க் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தூதர் ஜயந்த தனபால. 1996 ஜூலை 8 அன்று, அணு ஆயுதம் சட்டத்துக்கு உட்பட்டதா என்ற கேள்விக்குச் சர்வதேச நீதிமன்றம் கருத்துரை வழங்கியது. நாட்டின் உயிருக்கே ஆபத்தான நிலையில் என்ன என்பதில் நீதிபதிகளால் முடிவுக்கு வர முடியவில்லை. எந்த நிலையிலும் சட்டவிரோதமே என்று தனியே எழுதியவர்களில் ஒருவர் இலங்கை நீதிபதி சி.ஜி. வீரமந்திரி. அதற்கு அவர் நம் இதிகாசங்களைச் சாட்சிக்கு அழைத்தார். எதிரியின் குலத்தையே, ஆயுதம் ஏந்தாதவர்களையும் சேர்த்து அழிக்கும் அஸ்திரத்தை எடுக்க வேண்டாம் என்று இலக்குவனை ராமன் தடுத்ததையும், பாசுபதாஸ்திரத்தைக் கையில் வைத்திருந்தும் போர்நெறிக்குப் பொருந்தாது என்று அருச்சுனன் விடாததையும் எடுத்துக்காட்டினார். இருக்கன்குடியில் மாரியம்மன் கோயிலை ஒட்டி வைப்பாற்றோடு சேர்கிற அர்ச்சுனா நதி அந்த அருச்சுனன் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது என்பது ஊர் நம்பிக்கை. நம் ஊர் ஆற்றின் நாயகனை உலக நீதிமன்றத்தில் சாட்சிக்கூண்டில் ஏற்றியது ஓர் இலங்கைக்காரர். வங்கதேசம், மாலத்தீவு, இலங்கை மூன்றும் இப்போது அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டன.

ஆயுதம் பரவாமல் தடுப்பதும் வட்டார வேலைதான். பொம்மை என்றும் பாத்திரம் என்றும் சீட்டு ஒட்டிய கன்டெய்னர்களில் சீனப் பட்டாசு தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்து பிடிபட்ட செய்திகளைச் சிவகாசி மறக்காது. அணுக் கடத்தலும் இதே வழியில் நடந்தது. பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துல் காதர் கான் வலைப்பின்னலுக்காக மலேசியாவில் செய்யப்பட்ட செறிவூட்டும் கருவிப் பாகங்கள், துபாய் வழியே லிபியாவுக்குப் போகும்போது 2003 அக்டோபரில் கப்பலில் பிடிபட்டன. துபாயில் இருந்து இடைத்தரகு பார்த்தவர் இலங்கையைச் சேர்ந்த வணிகர். கொழும்பு, கராச்சி, தூத்துக்குடி, துபாய் சுங்கத் துறைகள் ஒருவருக்கொருவர் தகவல் தராத வரை, எந்த நாட்டின் தனிச் சட்டமும் அதைத் தடுக்காது.

இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்கு இருக்கன்குடியே பதில் வைத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மக்கள் மாரியம்மனை அழைத்து நடுங்கிய பெரியம்மை இன்று உலகில் இல்லை. பனிப்போரின் உச்சத்தில், 1958-இல், அதை ஒழிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தில் முன்மொழிந்தது சோவியத் ஒன்றியம். பின்னர் அமெரிக்காவும் கைகோத்தது. இந்தியாவில் கடைசியாகக் கண்டறியப்பட்ட நோயாளி 1975 மே மாதம் வங்கதேசத்திலிருந்து அசாமுக்கு வந்தவர். வங்கதேசமும் சேர்ந்து வேலை செய்யாமல் இந்தியா மட்டும் அதை ஒழித்திருக்க முடியாது. 1980-இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

தென் மாவட்டத்து மக்களவை உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியவை இவைதாம். 2005 ஒப்பந்தத்தில் குரூஸ் ஏவுகணையைச் சேர்க்கும் பேச்சுவார்த்தையைத் தொடங்கச் சொல்லி அரசைக் கேளுங்கள். கல்பாக்கத்துக்கும் குஷாபுக்கும் பரஸ்பர ஆய்வு என்ற யோசனையை வெளியுறவு நிலைக்குழுவில் எழுப்புங்கள். இந்தியாவும் இலங்கையும் 2015 பிப்ரவரியில் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்திருக்கின்றன. கூடங்குளத்தில் ஏதாவது நேர்ந்தால் இடிந்தகரைக்கும் மன்னாருக்கும் ஒரே நேரத்தில் தமிழில் எச்சரிக்கை போகும் ஏற்பாட்டை அதன் கீழ் உருவாக்கக் கேளுங்கள். ஜனவரி முதல் தேதி இஸ்லாமாபாத்துக்குப் போகும் பட்டியல் நம் மக்களுக்கு வெளியிடப்படுவதில்லை. பாதுகாப்பு ரகசியம் அல்லாத மின் உலைகளின் பகுதியையாவது, அவற்றைச் சுற்றி வாழும் ஊர்களின் கிராம சபையில் ஒவ்வோர் ஆண்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.